மட்டிக்கு வரும் புற்றுநோய் நமக்கு ஒட்டுமா?

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘சில கடல் சிப்பிகளிடையே புற்றுநோய் தொற்றிப் பரவுகிறது’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். நம் பக்கத்து மட்டியும் சிப்பி வகைதான். அந்த வரிக்குக் கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை பக்கமிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. அதில் முதல் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் இதற்கே.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு உப்பனாற்றங்கரையில். என் மாமியார் முப்பது வருடமாக மட்டி எடுத்து விற்கிறார். வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் மட்டிக் குழம்புதான். போன வருடம் அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, புதுச்சேரியில் சிகிச்சை நடக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மட்டியிலிருந்துதான் இவருக்கு ஒட்டிக்கொண்டது என்று தெருவில் பேசுகிறார்கள். அவர் கைபட்ட மட்டியை வாங்கவே யோசிக்கிறார்கள். என் நாத்தனார் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். மட்டியிலிருந்து வந்திருக்குமா? அவரிடமிருந்து குழந்தைகளுக்கு வருமா? — ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். வராது. மட்டியிலிருந்து உங்கள் மாமியாருக்கு வரவில்லை. அவரிடமிருந்து உங்கள் குழந்தைகளுக்கும் வராது. அவர் சாப்பிட்ட தட்டிலேயே நீங்கள் சாப்பிடலாம். பேரப்பிள்ளைகள் அவர் மடியில் படுத்துத் தூங்கலாம்.

பாதி விஷயத்தை எழுதி நிறுத்தியது என் தவறு. மீதியை இப்போது சொல்கிறேன். உங்கள் நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

புற்றுநோய் என்பது நம் உடம்பின் சொந்தச் செல் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகுவது. வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. அந்தச் செல் எந்த உடம்பில் பிறந்ததோ அந்த உடம்போடுதான் அதன் வாழ்க்கை. அந்த மனிதர் போனால் அதுவும் போய்விடும். மிகச் சில விலங்குகளில்தான் இந்த விதி உடைந்திருக்கிறது, சில மட்டி இனங்களும் அவற்றில் சேர்த்தி. மட்டியில் புற்றுச் செல்லே தன் உடம்பைவிட்டு வெளியேறி, கடல்நீரில் மிதந்து போய், பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மட்டிக்குள் நுழைந்து பெருகுகிறது. வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. அந்தச் செல்தான் தொற்று.

இது ஏன் மனிதரிடம் நடப்பதில்லை? சிறுநீரகம் மாற்றிவைக்கும் அறுவைச் சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். கூடப்பிறந்த அண்ணன் மனசாரக் கொடுத்த சிறுநீரகத்தையே தம்பியின் உடம்பு ‘இது என்னுடையது இல்லை’ என்று தள்ளப் பார்க்கிறது. அதை அடக்க வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. நம் செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் ஓர் அடையாளப் புரதம் இருக்கிறது. வேற்றாள் செல் உள்ளே வந்தால் வெள்ளையணுக்கள் அதைப் பார்த்ததும் தீர்த்துவிடும். அண்ணன் செல்லுக்கே இந்த மரியாதை என்றால், மட்டியின் செல்லுக்கு எங்கே இடம்? அதுவும் குழம்பில் கொதித்த செல்லுக்கு?

மட்டிக்கு இப்படி ஆள் பார்த்து அடையாளம் காணும் ஏற்பாடு கிடையாது. அதற்கும் நோய் எதிர்ப்பு உண்டு, ஆனால் வேறு தினுசு. அந்த இடைவெளியில்தான் இந்தச் செல் புகுந்துகொள்கிறது.

மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மாற்று உறுப்போடு புற்றுச் செல்லும் சேர்ந்து போனது, கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுக் குழந்தைக்குப் போனது என்று மனிதரிலும் மிக மிக அபூர்வமாக நடந்திருக்கிறது. தொடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ அல்ல. இன்னொன்று, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சில கிருமிகள் ஒட்டும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ், ஈரல் புற்றுக்கு வழிசெய்யும் மஞ்சள்காமாலை பி வைரஸ் இரண்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். பரவுவது வைரஸ், புற்று அல்ல. இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் ஒன்பது வயதுக்கு மேல் பெண் குழந்தை இருந்தால் எச்பிவி ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மார்பகப் புற்று இந்த வகையில் சேராது.

அந்தத் தனி டம்ளருக்கு வருகிறேன். நான் ஏழாவது படிக்கும்போது மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்குக் கன்னத்தில் புற்று வந்தது. வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ளவர். பின்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டில், மாடத்தில் ஓர் அலுமினியத் தட்டு. டம்ளரின் இடுப்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை. செம்பு அந்த டம்ளரில் படக்கூடாது, உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். தண்ணீர் அவர் மடியில் தெறிக்கும். துடைத்துக்கொண்டே, “பரவாயில்லடா, நீ போய்ப் படி” என்பார். நான்கு மாதம் இருந்தார். அந்த நான்கு மாதமும் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. விலங்கியல் படித்து முடித்த பிறகுதான், அந்த நூலுக்கு எந்த அவசியமும் இருந்ததில்லை என்று எனக்கு உறைத்தது.

உங்கள் வீட்டில் அந்த நூலை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள் அம்மா. சிகிச்சை நடக்கும் காலத்தில் உங்கள் மாமியாருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சளி, காய்ச்சல் இருப்பவர்கள்தான் அவரிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். அவருக்குச் சமைப்பதையெல்லாம் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். மருந்து ஏற்றும் நாட்களில் மட்டி, இறால் வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கைபட்ட மட்டியை வாங்கத் தயங்குகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: புற்றுச் செல் ஒரு சிப்பியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது என்று எப்படித் தெரியும்? இரண்டு சிப்பிக்கும் தனித்தனியாகவே வந்திருக்கலாமே? — கல்லூரி மாணவர், அரியாங்குப்பம்

பதில்: சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சியாளர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கடல்நீர் வடிந்த சேற்றில் தோண்டி எடுக்கும் மெல்லோட்டு மட்டி ஒன்று உண்டு. ஆவியில் வேகவைத்து விரும்பிச் சாப்பிடுவார்கள். 1970-களிலிருந்தே அதற்கு இரத்தப் புற்று போன்ற ஒரு நோய் வருவது தெரிந்திருந்தது. பெரும்பாலான மட்டிகளின் இரத்தத்துக்கு நிறம் கிடையாது. நோய் முற்றினால் அது அரிசி கழுவிய முதல் தண்ணீர் போல வெள்ளையாகக் கலங்கிவிடும்.

நுண்ணோக்கியில் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். பரங்கிப்பேட்டையில் மாணவனாக இருந்தபோது வெள்ளாற்று மட்டியின் இரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் உருண்டையாகக் கிடக்கும் செல்கள் சில நிமிடங்களில் கால் நீட்டும். ஒரு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் பரப்பி, கண்ணாடியில் தோசை மாவு மாதிரி படர்ந்து ஒட்டிக்கொள்ளும். அது ஆரோக்கியமான செல். நோய்ப்பட்ட மட்டியின் செல் கால் நீட்டாது, ஒட்டாது. கடைசிவரை உருண்டையாகவே கிடக்கும். உள்ளே உட்கரு பெருத்து செல்லையே அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஏதோ ஒரு வைரஸ்தான் காரணம் என்று நினைத்துத் தேடினார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் காஃப் என்பவரின் ஆய்வுக்கூடம் அதில் இறங்கியது. கிடைத்தது வைரஸ் அல்ல, மரபணுத் தொகுப்புக்குள் தன்னைத்தானே படியெடுத்து இடம் இடமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டு. அந்த மட்டியைச் சமைக்கும் பக்குவத்தை நினைத்து அதற்கு ‘ஸ்டீமர்’ என்றே பெயர் வைத்தார்கள். நல்ல செல்லில் அது சில பிரதிகள்தான் இருந்தது. புற்றுச் செல்லில் நூற்றுக்கணக்கில் இருந்தது.

அப்புறம்தான் திருப்பம். மைக்கேல் மெட்ஸ்கர் என்ற ஆய்வாளர், ஒவ்வொரு மட்டியிலும் புற்றுச் செல்லின் மரபணுவையும் அதே மட்டியின் நல்ல தசையின் மரபணுவையும் வைத்து ஒப்பிட்டார். சொந்தச் செல் கெட்டுப் புற்றானதென்றால் இரண்டும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. அதைவிட ஆச்சரியம், நியூயார்க்கில் எடுத்த மட்டியின் புற்றும், மெய்ன் மாநிலத்து மட்டியின் புற்றும், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மட்டியின் புற்றும் ஒன்றோடொன்று பொருந்தின. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கடலூர், நாகை, தூத்துக்குடி மூன்று இடத்திலும் மூன்று வீட்டில் திருடியவனின் கைரேகை ஒன்றாக இருப்பது போல. மூன்று வீட்டுக்கும் வந்தது ஒரே ஆள். 2015-ல் இதை வெளியிட்டார்கள்.

எப்போதோ ஒரு மட்டிக்கு வந்த புற்று அது. அந்த மட்டி செத்துவிட்டது. அதன் செல் மட்டும் உடம்பு மாறி மாறி இன்றுவரை உயிரோடு இருக்கிறது. 2023-ல் முழு மரபணுவையும் படித்துப் பார்த்து, அந்த முதல் மட்டியின் காலம் 200 ஆண்டுக்கும் முன் என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு ஐரோப்பாவின் ஒரு வகை மட்டியில் செய்த ஆய்வு இன்னும் விசித்திரம். சாதாரணமாக அதன் செல்லில் 38 குரோமோசோம் இருக்கும். புற்றுச் செல்களில் எண்ணினால் ஒன்றில் 11, இன்னொன்றில் 354. இவ்வளவு குலைந்தும் ஒரு செல் பிழைத்துப் பெருகுகிறது. வகுப்பில் நாம் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு இடமில்லை. விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

கேள்வி: அது எந்தெந்தக் கடலில் இருக்கிறது? மட்டி ஓரிடத்தில் கிடக்கிற பிராணி, நோய் எப்படிக் கடல் தாண்டும்? — மீன்வளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பரங்கிப்பேட்டை

பதில்: அமெரிக்கா, கனடாவுக்கு அடுத்தபடியாக 2016-ல் ஸ்பெயின் நாட்டுக் கரையில் இரண்டு மட்டி இனங்களிலும், கனடாவின் மேற்குக் கரையில் ஒரு மஸ்ஸல் இனத்திலும் கண்டுபிடித்தார்கள். மஸ்ஸல் என்றால் கேரளத்தில் கல்லுமக்காய் என்கிறார்களே, பாறையில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளர்வது, அதன் உறவு. ஸ்பெயின் மட்டி ஒன்றில் இருந்த புற்று, அந்த இனத்தினுடையதே அல்ல. பக்கத்தில் வாழும் வேறொரு மட்டி இனத்தின் செல். முதலில் புற்றுப் பிடித்த இனத்தில் இப்போது நோய் தென்படவில்லை, உறவுக்காரன் சுமந்துகொண்டிருக்கிறான்.

கடல் தாண்டியது 2019-ல் தெரிந்தது. பிரான்ஸ், நெதர்லாந்து மஸ்ஸல்களில் இருந்த புற்றும், தென் அமெரிக்காவின் சிலி, அர்ஜென்டினா மஸ்ஸல்களில் இருந்த புற்றும் ஒரே செல்லின் வழிவந்தவை. அது பிறந்ததோ வடக்குக் கடல்களில் வாழும் மூன்றாவது ஓர் இனத்தில். நடுவில் பூமத்திய ரேகையின் வெந்நீர் இருக்கிறது. குளிர்நீர்ச் சிப்பி தானாக அதைத் தாண்டி வர வழியில்லை. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நீங்கள் துறையில் இருந்தவர், படகைக் கரையேற்றி அடி சுரண்டும்போது எத்தனை கூடை சிப்பி உதிரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே திட்டுக்குள் பரவ அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. மட்டி நாள் முழுவதும் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, வெளியே விடுகிற பிராணி. பக்கத்து மட்டி விட்ட நீரைத்தான் இது குடிக்கிறது. குளிர்ந்த கடல்நீரில் அந்தப் புற்றுச் செல் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு தாக்குப்பிடிக்கிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நீர் குளிரக் குளிர ஆயுள் நீளுகிறது.

அதனால்தான் ஓர் ஆற்று மட்டிக் குஞ்சை இன்னோர் ஆற்றில் கொண்டுபோய் வளர்க்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இடம் மாற்றுமுன் நாலைந்தை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். புற்று மட்டுமல்ல, வேறு எத்தனையோ ஒட்டுண்ணிகளும் இப்படித்தான் ஊர் மாறுகின்றன.

கேள்வி: எங்கள் தெரு நாய்க்குப் பின்பக்கம் காலிஃபிளவர் மாதிரி கட்டி, இரத்தம் சொட்டுகிறது. இதுவும் தொற்றும் புற்றா? — வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் அதுதான். நாய்களுக்கு இணைசேரும்போது, நக்கும்போது, மோப்பம் பிடிக்கும்போது செல் ஒட்டிப் பரவும் புற்று இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் ஒரு நாய்க்கு வந்து, இன்று உலகம் முழுக்க இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியத் தீவில் ‘டெவில்’ என்ற விலங்குக்கும் முகத்தில் இப்படி வருகிறது. கடித்துக்கொள்வதால் பரவுகிறது. 1996-ல் முதலில் கவனித்தார்கள், அந்த இனமே அருகிப்போகும் அளவுக்குக் கொன்றிருக்கிறது. நாய்க்கு வந்தது அப்படி அல்ல. வின்கிரிஸ்டின் என்ற புற்றுமருந்து ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். மனிதருக்கு ஒட்டாது. தயவுசெய்து கல்லெறிந்து விரட்டாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கருத்தடையும் செய்துவிட்டால் மற்ற நாய்களுக்குப் பரவுவது குறையும்.

கேள்வி: அப்படியென்றால் மட்டியைப் பயமில்லாமல் சாப்பிடலாமா? — வாசகி, வீராம்பட்டினம்

பதில்: புற்றுநோய் ஒட்டும் என்ற பயமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் பயப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு முறை பாதி எழுதியவனாவேன்.

மட்டி தான் வடிகட்டும் நீரில் உள்ளதைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கும். சாக்கடை கலக்கும் இடத்து மட்டியில் காலரா கிருமியும், மஞ்சள்காமாலை ஏ வைரஸும் (மேலே சொன்ன பி அல்ல) இருக்கலாம். நன்றாக வெந்தால் அவை சாகும். ஆலைக் கழிவு சேரும் இடத்து மட்டியில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் ஏறியிருக்கும். அவை எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. மூன்றாவது, நுண்பாசி நஞ்சு. 1981-ல் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்து 3 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த நஞ்சும் கொதியில் அழியாது. உதடு மரத்துப்போவதுதான் முதல் அறிகுறி, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தண்ணீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறிக் கிடக்கும் நாட்களில் மட்டி எடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். வாங்கும்போது எந்த இடத்து மட்டி என்று கேளுங்கள். எடுத்துவந்த அம்மாவுக்கு அது நிச்சயம் தெரியும், கேட்டால் சொல்வார். தட்டினால் வாய் மூடாத மட்டியையும், வெந்தபின் வாய் திறக்காததையும் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: மட்டி தண்ணீரை வடிகட்டுவதை நான் பார்க்க முடியுமா தாத்தா? — எட்டாம் வகுப்பு மாணவி, கிள்ளை

பதில்: முடியும் கண்ணு. இரண்டு கண்ணாடிப் பாட்டிலை எடுத்துக்கொள். மட்டி எடுத்த இடத்திலேயே கலங்கல் தண்ணீரை மொண்டு இரண்டிலும் சமமாக ஊற்று. குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்பு மாறினால் மட்டி வாயைத் திறக்காது. ஒரு பாட்டிலில் மட்டும் நான்கு மட்டியைப் போடு. நிழலில் வைத்துவிட்டு அசைக்காமல் உட்கார். கொஞ்ச நேரத்தில் ஓடு நூல் பருமன் விலகும், உள்ளேயிருந்து இரண்டு சின்னக் குழாய் எட்டிப் பார்க்கும். ஒன்று தண்ணீரை உள்ளே இழுக்கும், இன்னொன்று வெளியே விடும். இழுக்கிற குழாய் பக்கத்தில் பென்சில் முனையால் துளி மண்ணைக் கரைத்துவிட்டால் அது உள்ளே போவது கண்ணுக்கே தெரியும். சாயங்காலம் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் உன் நோட்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பாட்டில் வழியாக எழுத்து தெரிகிறது என்று பார்.

இருட்டுவதற்குள் மட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடு. எடுத்த அதே இடத்தில்தான் விட வேண்டும், வேறு வாய்க்காலில் அல்ல. ஏன் என்று மேலே பரங்கிப்பேட்டைக்காரருக்கு எழுதியதைப் படித்தால் தெரியும்.